நல்லிணக்கம் வன்னிக்கு வந்த கதை

இலங்கையின் வடக்கே வன்னியில் சமாதானம் என்பது ஒரு காலத்தின் பெயர். "சமாதான காலத்தில கட்டின வீடு", "சமாதான நேரம் வாங்கின மோட்டார் சைக்கிள்" என்று கிளிநொச்சியில் ஒருவர் சொன்னால், கேட்பவர் ஆண்டு விசாரிப்பதில்லை. 2002 பெப்ரவரியில் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க வவுனியாவுக்கு வந்து விடுதலைப் புலிகளுடனான போர்நிறுத்த உடன்படிக்கையில் ஒப்பமிட்டதோடு தொடங்கி, 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை மூடப்பட்டதோடு முடிந்த நாலரை ஆண்டுகள் அவை. உடன்படிக்கை 2008 ஜனவரி வரை காகிதத்தில் உயிரோடுதான் இருந்தது. ஊர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பாதை பூட்டினால் சமாதானம் முடிந்தது. அந்தக் காலத்துக்குக் கிளிநொச்சியில் ஓர் அலுவலகமும் இருந்தது: புலிகளின் சமாதானச் செயலகம்.

தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு காலத்துக்குப் பெயராகிவிட்ட சொல்லை, அதே சனத்திடம் இன்னொருமுறை வாக்குறுதியாகக் கொண்டுபோக முடியாது. போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு வேறு சொல் வேண்டியிருந்தது. இன்று இலங்கைத் தமிழில் அரசும் தூதரகங்களும் தொண்டு நிறுவனங்களும் பத்திரிகைகளும் ஓயாமல் எழுதும் 'நல்லிணக்கம்' வன்னிக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான் என்பது என் வாசிப்பு. அது தேர்ந்தெடுத்த சொல் என்பதைவிட, மிஞ்சிக் கிடந்த சொல்.

மற்றவை எல்லாம் செலவாகியிருந்தன. 'அமைதி' 1987இல் இந்தியப் படையோடு வந்தது, 1990 மார்ச்சில் அந்தப் படை கப்பலேறியபோது அதுவும் கூடவே ஏறிப் போய்விட்டது. 'அமைதிப்படை' என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் கேட்கிறவருக்கும் வடக்கில் கேட்கிறவருக்கும் ஒரே பொருள் தோன்றாது. 1995இல் சந்திரிகா குமாரதுங்கவின் அரசு தன் போருக்கே 'சமாதானத்துக்கான போர்' என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரின் கீழ்தான் 1996இல் கிளிநொச்சியை நோக்கி 'சத்ஜய' என்ற படை நடவடிக்கை வந்தது. 1997 மே மாதம் வவுனியாவிலிருந்து வடக்கே 'ஜயசிக்குறு' புறப்பட்டது. 'புனர்வாழ்வு' இரண்டு பக்கமும் உழைத்த சொல். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்கு உதவிய அமைப்பின் பெயர் தமிழர் புனர்வாழ்வுக் கழகம். போர் முடிந்தபின் முன்னாள் போராளிகளை அடைத்து வைத்த இடங்களின் பெயர் புனர்வாழ்வு நிலையங்கள். இப்போது ஒருவரைப் 'புனர்வாழ்வு பெற்றவர்' என்றால், தடுப்பில் இருந்து வந்தவர் என்று பொருள்.

இறுதிப் போருக்கு அரசு இட்ட பெயர் 'மனிதாபிமான நடவடிக்கை'. அதிலிருந்து தப்பி வந்தவர்களை வவுனியா செட்டிகுளத்தில் மெனிக் பாமில் முட்கம்பி வேலிக்குள் வைத்தபோது அந்த முகாம்களுக்கு வைத்த பெயர் 'நலன்புரி நிலையங்கள்'. அவற்றின் பிரிவுகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். இலங்கைத் தமிழ் மேட்டுக்குடியின் பெரிய மனிதர் வரிசை முழுவதும் தறப்பாள் கொட்டில்களுக்கு முகவரியானது. இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட வன்னி மக்கள் வவுனியாவின் முகாம்களுக்குள் இருந்தார்கள். அழகான சொல்லொன்று வந்தால் வன்னி ஆட்கள் ஓரடி பின்னே நின்று பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் 'இணக்கம்' அவர்களுக்கு வெளியிலிருந்து வந்த சொல்லல்ல. ஔவையின் ஆத்திசூடியில் அது உண்டு. ஆளின் தன்மை அறிந்து பழகு என்ற பொருளில் வரும் அந்த அடியை வன்னியிலும் பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள். பேச்சில் இன்னும் எளிய சொற்கள் இருக்கின்றன. இரண்டு குடும்பம் பிணங்கினால் "அவையோட எங்களுக்குப் போக்குவரத்தில்லை" என்பார்கள். செத்தவீட்டுக்கும் கலியாணத்துக்கும் போவதுமில்லை, அவர்கள் வருவதுமில்லை என்று அர்த்தம். பிணக்குத் தீர்ந்தால் "இப்ப கதைக்கினம்". அவ்வளவுதான். யார் முதலில் வாய் திறந்தது, எந்தச் செத்தவீட்டில் கதை தொடங்கியது என்று ஊருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அதற்கென்று தனிப் பெயர்ச்சொல் கிடையாது.

பெயர்ச்சொல் தேவைப்படுவது குளத்தடியில். வன்னி குளங்களை நம்பிய நிலம். பெரும்போகத்துக்கு மழை கைகொடுக்கும். சிறுபோகத்துக்குக் குளத்தில் கிடக்கும் தண்ணீர்தான், அது எல்லா வயலுக்கும் காணாது. ஆகவே விதைப்புக்கு முன் கூட்டம் கூடும். அரசாங்க அதிபர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல சேவை உத்தியோகத்தர், கமக்காரர் அமைப்புகள் எல்லோரும் இருந்து, குளத்தில் எத்தனை அடி தண்ணீர், எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதிக்குள் விதைத்து முடிக்க வேண்டும், எப்போது வாய்க்காலில் தண்ணீர் நிற்கும், மாடுகளை எந்தத் திகதிக்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்று முடிவெடுப்பார்கள். அந்த முடிவுக்குச் சட்டத்தின் பலம் உண்டு, மீறினால் தண்டம். வாய்க்காலின் மேல்பக்கம் காணி இருக்கிறவனும் வால்பக்கம் இருக்கிறவனும் ஒருவரையொருவர் விரும்ப வேண்டியதில்லை. தண்ணீரின் அளவு எவ்வளவு என்பதில் மட்டும் இருவரும் ஒரே எண்ணை ஒப்புக்கொள்ள வேண்டும். சண்டை வரும், கூச்சல் வரும், மேசையில் தட்டுவார்கள். ஆனால் குளத்தின் அளவுகோலை யாரும் மறுப்பதில்லை.

இந்த ஏற்பாடு தமிழருக்குள்ளேயே எவ்வளவு கடினம் என்பதற்கு இரணைமடுவே சாட்சி. (இரணை என்றால் சோடி. கிளிநொச்சி மாவட்டத்தில் அந்தச் சொல்லோடு ஒரு குளமும் இருக்கிறது, ஒரு தீவும் இருக்கிறது. தீவுக்குப் பிறகு வருவேன்.) 1902இல் வேலை தொடங்கி 1921இல் முடிந்த இந்தக் குளத்தை நம்பி இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிறது. போருக்குப் பின் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டுபோகத் திட்டம் வந்தது. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் உப்பாவதும் உண்மை, கிளிநொச்சி விவசாயியின் சிறுபோகம் போய்விடும் என்ற பயமும் உண்மை. ஒரே மொழி, ஒரே கோயில் திருவிழா, பெண் கொடுத்து எடுத்த உறவு, ஒரே கட்சிக்கு வாக்கு. அப்படியிருந்தும் இணக்கம் வரவில்லை. கமக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் வடமராட்சி கிழக்குத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை கட்ட வேண்டியதாயிற்று. இன நல்லிணக்கம் பற்றிக் கொழும்பில் பேச வருகிறவர்கள் முதலில் இரணைமடுக் கூட்டமொன்றில் பின்வரிசையில் இருந்து பார்த்தால் கொஞ்சம் நிதானமாகப் பேசுவார்கள் என்று எனக்குப் படுவதுண்டு.

'இணக்கம்' என்ற சொல்லுக்கு அரச முத்திரை கிடைத்தது 1958இல். அந்த ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் ஊர்தோறும் இணக்க சபைகளை அமைக்க வழி பிறந்தது. எல்லைத் தகராறு, கடன், கட்டாக்காலி மாடு மேய்ந்த பயிர், வேலிக் கதியால் பிடுங்கிய சண்டை என்று நீதிமன்றத்துக்குப் போய் வருடக்கணக்கில் இழுபடும் விடயங்களை ஊர்ப் பெரியவர்கள் இருந்து பேசித் தீர்க்கட்டும் என்பது எண்ணம். இரண்டு அயலவர் இணங்குவதற்குச் சட்டம் வந்த அதே 1958இல்தான் சிங்களவர், தமிழர் என்ற இரண்டு இனங்களுக்கிடையில் நாடு தழுவிய முதற் கலவரமும் வந்தது. தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் அடிபட்டு வந்த குடும்பங்கள் அடுத்தடுத்த பதிற்றாண்டுகளில் வன்னிக் காடுகளை வெட்டிக் குடியேறின. 1977 கலவரத்துக்குப் பின் வந்த மலையகத் தமிழரைக் குடியமர்த்த வவுனியாவில் 'காந்தியம்' இயங்கியது. அதை நடத்திய மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். இன்றைய கிளிநொச்சியின் பல குடியிருப்புகள் அப்படி ஓடிவந்தவர்களால் ஆனவை. சேர்ந்து வாழ முடியாமற் போன இடங்களிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து வாழ்ந்து உண்டாக்கிய ஊர்கள்.

அந்த இணக்க சபைகள் 1978இல் ஒழிக்கப்பட்டன. பத்து ஆண்டு கழித்து, 1988இன் 72ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளாக அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது. பெயர்ப்பலகையில் மத்தியஸ்த சபை, சனத்தின் வாயில் இன்னும் இணக்க சபை. போர்க்காலத்தில் வன்னியில் அரச சட்டம் பெரும்பாலும் செல்லுபடியாகவில்லை. புலிகளின் ஆட்சியிலும் முதலில் ஓய்வுபெற்ற உத்தியோகத்தரும் ஆசிரியரும் இருந்த ஊர் மட்டச் சபைகளே பிணக்குகளைத் தீர்த்தன. தீர்ப்புகள் ஊருக்கு ஊர் வேறுபட்டதாலும் அதிகாரம் போதாமல் வழக்குகள் பொறுப்பாளர்களிடம் போனதாலும் 1990களின் தொடக்கத்தில் தனி நீதித்துறை வந்தது. போர் ஓய்ந்தபின் மத்தியஸ்த சபைகள் வந்தன. பெரும்பாலும் வார இறுதியில், பள்ளிக்கூடக் கட்டடத்தில், மூன்று மத்தியஸ்தர்கள் முன்னால் இரண்டு தரப்பும் வாங்கில் இருக்கும். அப்புக்காத்து பேச முடியாது. வாதியும் பிரதிவாதியும் தங்கள் வாயாலேயே நடந்ததைச் சொல்ல வேண்டும்.

இந்தச் சபையின் ஓர் ஏற்பாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். இணங்கினால் இணக்கத்தை எழுதிக் கையொப்பம் வாங்குவார்கள். இணங்காவிட்டால், 'இணக்கம் காணப்படவில்லை' என்று ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். அதைக் கொண்டுபோனால்தான் நீதிமன்றம் அந்த வழக்கைக் கையிலெடுக்கும். அதாவது தோல்வியை ஒப்புக்கொள்ளும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. யாரும் யாரையும் இணங்கு என்று நெருக்க முடியாது. இணங்காதவன் கெட்டவனும் இல்லை, அவனுக்கு அடுத்த வாசல் திறந்திருக்கிறது.

இனிப் பெரிய நல்லிணக்கத்துக்கு வருவோம். 2009 மே 19ஆம் திகதி பாராளுமன்றத்தில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச வெற்றி உரை ஆற்றியபோது சில வசனங்கள் தமிழில் பேசினார். இனி இந்த நாட்டில் சிறுபான்மையினர் என்று யாரும் இல்லை என்றார். மெனிக் பாமில் இருந்தவர்களுக்கு அப்போது வெளியே போக அனுமதி இல்லை. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 2010 மே மாதம், முன்னாள் சட்டமா அதிபர் சி. ஆர். டி சில்வா தலைமையில் எட்டுப் பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்றை அவர் நியமித்தார். அதன் தமிழ்ப் பெயர் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு. இலங்கையின் அரச பெயர்ப்பலகையில் அந்தச் சொல் பெரிய எழுத்தில் ஏறியிருந்தது.

பெயரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முன்மாதிரி தென்னாபிரிக்கா. அங்கே 1990களின் நடுவில் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் அமைந்தது உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு. கொழும்புக்கு வந்தபோது உண்மை கழன்று விழுந்து, அந்த இடத்தில் 'கற்றுக்கொண்ட பாடங்கள்' குந்தியது. நடந்தது என்ன என்று கேட்பதற்கு முன்பே பாடம் கற்றாயிற்று. மத்தியஸ்த சபையில் வேலிச் சண்டைக்கே முதற் கேள்வி கதியாலைப் பிடுங்கியது யார் என்பதுதான்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்ட காலப்பகுதி 2002 பெப்ரவரி 21 முதல் 2009 மே 19 வரை. முதல் வேலை, போர்நிறுத்த உடன்படிக்கை ஏன் தோற்றது என்று ஆராய்வது. வன்னிச் சனம் சமாதான காலம் என்று எதைச் சொல்கிறதோ, அது பிழைத்துப்போன காரணத்தைப் பார்க்கப் பிறந்தது நல்லிணக்கம். ஒரு சொல்லின் மரண விசாரணைக்கு அடுத்த சொல்லை நியமித்த மாதிரி.

நல்லிணக்கம் என்ற கூட்டுச்சொல் 2010இல் செய்யப்பட்டதல்ல. தமிழ்நாட்டில் 'மத நல்லிணக்கம்', 'சமூக நல்லிணக்கம்' என்று நெடுங்காலமாகப் புழங்குகிறது. ராஜீவ் காந்தி பிறந்த ஓகஸ்ட் 20ஆம் திகதியை ஒட்டி அங்கே அரச அலுவலகங்களில் நல்லிணக்க நாள் உறுதிமொழி எடுக்கிறார்கள். அந்தப் பயன்பாட்டில் அது உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று. இலங்கைக்கு வேண்டியிருந்தது உடைந்தபின் வருவது. சிங்களத்தில் ஆணைக்குழுவின் பெயரில் இருந்த 'பிரதிசந்தான' என்ற வடசொல்லில் மறுபடி பொருத்துவது என்ற பொருள் இருக்கிறது. தமிழில் அந்த 'மறுபடி' இல்லை, அதற்குப் பதில் 'நல்' இருக்கிறது. குறையை உணர்ந்து 'மீளிணக்கம்' என்று எழுதிப் பார்த்தவர்கள் உண்டு, அது வேரூன்றவில்லை. கிறிஸ்தவர்களிடம் இன்னும் பொருத்தமான சொல் இருந்தது: ஒப்புரவு. வன்னியின் கத்தோலிக்கர் மடுமாதாவிடம் போகும்போது ஒப்புரவு அருட்சாதனம் பெறுகிறார்கள். செய்ததை நினைத்துப் பார்த்தல், மனம் வருந்துதல், வாயால் அறிக்கையிடல், பரிகாரம் என்று அதற்கு வரிசையே உண்டு. அந்தச் சொல்லை அரசு எடுத்திருந்தால் அந்த வரிசையையும் எடுக்க வேண்டியிருந்திருக்கும்.

'இணக்கம்' வன்னிக் காதில் வேறொரு தொனியிலும் விழும். இலங்கைத் தமிழ் அரசியலில் 'இணக்க அரசியல்' என்றால் கொழும்பு அரசோடு சேர்ந்து அமைச்சுப் பதவி எடுத்து வேலை பார்ப்பது. 'எதிர்ப்பு அரசியல்' அதற்கு மறுபக்கம். இணக்க அரசியல்காரர் என்று ஒருவரைக் குறிப்பிடுவது பாராட்டு அல்ல. வீட்டிலும் "இணங்கிப் போ" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் பலம் குறைந்தவருக்குத்தான், மாமியாரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. முன்னால் 'நல்' சேர்த்தாலும் அந்த ஒலி முழுதாகப் போய்விடாது.

ஆணைக்குழு 2010 ஓகஸ்டில் வவுனியாவிலும் செப்டெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவிலும் அமர்ந்தது. சாட்சி சொல்ல வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். போர்நிறுத்தம் ஏன் தோற்றது என்பது பற்றி அவர்களிடம் சொல்ல எதுவும் இருக்கவில்லை. கையில் படம் இருந்தது. மகனை ஓமந்தையில் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள், கணவனை வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்தேன், எங்கே என்று கேட்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நேரில் சாட்சியம் சொன்னார்கள், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்து முறைப்பாடுகள் போயின. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆணைக்குழு முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். கச்சேரிப் பதிவுகளின்படி 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தோர் 429,059. 2009 ஜூலைக்குள் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380. மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது? சிறுபோகக் கூட்டத்தில் குளத்தின் அடிக்கணக்கு எப்படியோ, நல்லிணக்கத்துக்கு இந்த எண் அப்படி. அதைச் சரிபார்த்து, பிழையென்றால் பிழையென்று காட்டி, இரு தரப்பும் ஏற்கும் ஓர் எண்ணுக்கு வந்திருக்க வேண்டும். இன்றுவரை அது நடக்கவில்லை.

2011 நவம்பரில் அறிக்கை ஜனாதிபதியிடம் போய், டிசெம்பர் 16இல் பாராளுமன்றத்துக்கு வந்தது. முதலில் ஆங்கிலத்தில். கண்ணீரோடு தமிழில் சாட்சி சொன்னவர்கள் தங்கள் சாட்சியத்தின் விளைவைத் தமிழில் வாசிக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. அறிக்கை ஒரேயடியாகத் தள்ளத்தக்கதல்ல. காணாமற்போனோர் பற்றி விசாரிக்கச் சொன்னது, காணிகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது, தேசிய கீதத்தைத் தமிழிலும் தொடர்ந்து பாடச் சொன்னது. இவற்றில் எளிதானது பாட்டு. அது நடந்தது. 2016 பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திர தின விழாவில் தமிழ் வரிகள் ஒலித்தன. 2020இல் நின்றுபோயின.

2015இல் ஆட்சி மாறியபின் சொல் குட்டி போட்டது. வந்தது 'நல்லாட்சி' அரசு, ஆகவே 'நல்' எங்கும் மலிந்தது. சந்திரிகா குமாரதுங்க தலைமையில் தேசிய ஒற்றுமைக்கும் நல்லிணக்கத்துக்குமான அலுவலகம். நல்லிணக்கப் பொறிமுறைகள். அவை பற்றி மக்களிடம் கருத்துக் கேட்க மனோரி முத்தெட்டுவேகம தலைமையில் ஒரு செயலணி. மனோ கணேசனின் கீழ் தேசிய சகவாழ்வு அமைச்சு. சகவாழ்வு அதுவரை நாடுகளுக்கிடையில் புழங்கிய சொல். 1954இல் இந்தியாவும் சீனாவும் எழுதிய பஞ்சசீலத்தில் ஐந்தாவது கொள்கை சமாதான சகவாழ்வு. பிறகு குருஷ்சேவ் அதைக் கையிலெடுக்க, இலங்கைக் கம்யூனிஸ்டுகள் 1960களில் அதன்பேரில் மாஸ்கோ, பீக்கிங் என்று பிரிந்து சண்டை பிடித்தார்கள். சேர்ந்து வாழ்வதைக் குறிக்கும் சொல்லுக்காகப் பிரிந்துபோனவர்களின் கதையை யாராவது விரிவாக எழுத வேண்டும்.

இந்த ஆண்டுகளில் வன்னியில் நல்லிணக்கம் என்றால் பயிலரங்கு என்று பொருளாயிற்று. மூன்று மொழிப் பதாகை, இளைஞர் பரிமாற்றம், மதிய உணவு, பயணப்படி. கேலி செய்வது எளிது. முதன்முறையாகச் சிங்களப் பிள்ளையோடு பக்கத்தில் இருந்து சோறு சாப்பிட்ட முல்லைத்தீவுப் பிள்ளைகள் அதில் இருந்தார்கள், அது வீண்போனதென்று சொல்ல மாட்டேன். செயலணியும் உண்மையாக உழைத்தது. மாவட்டந்தோறும் போய் 7,306 கருத்துகளைத் திரட்டி எழுதிய அறிக்கையை 2017 ஜனவரி 3ஆம் திகதி கையளித்தபோது, அதை வாங்க ஜனாதிபதியும் வரவில்லை, பிரதமரும் வரவில்லை. சந்திரிகா வாங்கிக்கொண்டார்.

அதே மாதம் 31ஆம் திகதி முல்லைத்தீவு கேப்பாப்புலவில் பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் வாசலில் குந்தினார்கள். 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேற்றப்பட்டவர்கள் கேப்பாப்புலவு ஊரவர்கள். அவர்களை ஊருக்கு விடாமல் சீனியாமோட்டையில் இறக்கியிருந்தார்கள். இந்தமுறை பிலக்குடியிருப்பார் பாய் விரித்து, அடுப்பு மூட்டி, மழைக்குள்ளும் பனிக்குள்ளும் பிள்ளைகளோடு இருந்தார்கள். மார்ச் 1ஆம் திகதி காணி கிடைத்தது. இடையில் பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். நாலு நாளில் வவுனியாவிலும், மார்ச் 8இல் முல்லைத்தீவிலும் கொட்டகைகள் எழுந்தன. அரசின் சொல் 'காணாமற்போனோர்', அவர்களுடைய சொல் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்'. 2016இன் சட்டத்தால் அமைந்த அலுவலகத்தின் பெயரிலும் ஆட்கள் தாங்களாகவே போனவர்கள்தான். அரசு அந்தக் குடும்பங்களுக்கு ஆளைக் காணவில்லை என்று ஒரு சான்றிதழ் தருகிறது. அவர்கள் கேட்பது மத்தியஸ்த சபை தரும் மாதிரியான மற்றச் சான்றிதழ்: இங்கே இணக்கம் வரவில்லை, அடுத்த வாசலுக்குப் போகலாம் என்பது. சர்வதேச விசாரணை என்று அவர்கள் சொல்வதன் சாரம் அதுதான். பெரிய நல்லிணக்கத்தில் அந்தப் படிவம் அச்சிடப்படவே இல்லை.

நல்லிணக்கம் இப்படிப் பேசப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, 2019 செப்டெம்பரில் முல்லைத்தீவு நாயாற்றில் நீராவியடிப் பிள்ளையார் கோயிலை அண்டி, நீதிமன்ற உத்தரவை மீறி ஒரு பௌத்த பிக்குவின் உடல் எரிக்கப்பட்டது. ஆனாலும் சொல் நிற்கவில்லை: 2024 ஜனவரியில் தேசிய ஒற்றுமைக்கும் நல்லிணக்கத்துக்குமான அலுவலகம் அந்த ஆண்டின் முதலாவது சட்டமாகவே நிரந்தரமாக்கப்பட்டது. அதே வேளையில் உண்மை, ஒற்றுமை, நல்லிணக்கம் மூன்றையும் பெயரில் கொண்ட ஆணைக்குழு ஒன்றுக்கான சட்டமூலமும் வர்த்தமானியில் வந்தது. தென்னாபிரிக்கப் பெயரில் இருந்து கழன்ற 'உண்மை' பதினாலு ஆண்டு கழித்துத் தாளில் திரும்பி வந்தது. வன்னிக் கொட்டகைகளில் இருந்தவர்கள் அதற்காக எழுந்து நிற்கவில்லை.

தீவுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்த இரணைதீவின் கத்தோலிக்க மீனவர்கள் 1992இல் இடம்பெயர்ந்து கரையில் இரணைமாதா நகரில் இருந்தார்கள். தீவு கடற்படையிடம். 2017 மே மாதம் தொடங்கி ஓராண்டளவில் போராடியும் விடை கிடைக்காததால், 2018 ஏப்ரல் 23ஆம் திகதி பெண்கள் முன்னிற்க, வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் அவர்களே போய் இறங்கிவிட்டார்கள். கடற்படை தடுக்கவில்லை. தேவாலயத்தில் செபம் சொல்லி, அங்கேயே தங்கினார்கள். பிறகு அரசு சம்மதித்தது.

மூன்று ஆண்டு கழித்து அதே தீவுக்கு வேறொரு சோதனை வந்தது. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களையும் எரித்தே தீர்ப்போம் என்று நின்ற அரசு, 2021 பெப்ரவரி கடைசியில் அடக்கத்துக்கு இணங்கியது. மார்ச் 2ஆம் திகதி, அடக்கம் செய்யும் இடம் இரணைதீவு என்றது. கரையிலிருந்து படகில் போக வேண்டிய தீவுக்கு உடல்களைக் கொண்டுபோகச் சொன்னால் முஸ்லிம் குடும்பங்களுக்கு அது அவமானம். இருபத்தாறு ஆண்டு காத்திருந்து திரும்பிய மீனவருக்கு அது அடுத்த இடி. தமிழ்க் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் ஒரு சவக்குழியின்மேல் முட்டிக்கொள்ள எல்லா வசதியும் செய்து கொடுக்கப்பட்டிருந்தது. 1990இல் முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முஸ்லிம்களும் புலிகளால் வெளியேற்றப்பட்டவர்கள் என்ற கடனும் இடையில் கிடந்தது. தீவார் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். முஸ்லிம் தலைவர்களும் அந்த இடம் வேண்டாம் என்றார்கள். இரண்டு எதிர்ப்பும் ஒன்றையொன்று பார்த்து அல்ல, கொழும்பைப் பார்த்து நின்றன. மூன்று நாளில் முடிவு மாறியது. மார்ச் 5ஆம் திகதி முதல் உடல்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கமாயின.